பெரியப்பாவுக்கும் மாமாவுக்கும் தனித்தனி மானிட்டர்

எல்லாத்துக்கும் காரணம் என் வாய்தான். "அஞ்சு மானிட்டர்தானே? ஒரே கார்டுல ஓட்டிக் காட்டுறேன், பார்"னு தங்கச்சிகிட்ட நெஞ்சை நிமித்திச் சொன்னது சாட்சாத் நானேதான். கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணிக் குடுக்கறது என் தொழில். பன்னெண்டு வருஷமா அதே வேலை. ஆனா கடைக்கு வர்றவங்க ஒரு மானிட்டர் கேப்பாங்க, ரொம்ப மிஞ்சினா ரெண்டு கேப்பாங்க. அஞ்சு கேட்டது என் தங்கச்சி ஒருத்திதான். அவ கேட்டு நான் முடியாதுன்னு சொல்லுவேனா?

அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பல் டாக்டர். வீட்டுக்கே பதிவாளர் வருவாங்க, ரெஜிஸ்டர்ல ரெண்டு பேரும் கையெழுத்து போடணும், அவ்வளவுதான் கல்யாணம். ஞாயித்துக்கிழமை காலை பத்தரை மணி. பதினோரு மணிக்கு பதிவாளர் கிளம்பிடுவாங்க, ஏன்னா அடுத்த வீட்ல இன்னொரு ஜோடி காத்துட்டிருக்கும். இதை விட்டா அவங்ககிட்ட அடுத்த தேதி ஏழு வாரம் கழிச்சுதான். அதுக்குள்ள பல் டாக்டர் வேலை மாறி வேற ஊருக்குப் போயாகணும்.

சொந்தக்காரங்க எல்லாம் ஆளுக்கொரு நாட்டுல இருக்காங்க. பெரியப்பா, மாமா, அத்தை, சித்தி, அப்புறம் பல் டாக்டரோட அப்பா அம்மா. யாராலயும் வர முடியலை. எல்லாரும் வீடியோவுலதான் பார்க்கணும். "எல்லாரையும் ஒரே கால்ல போட்டு ஒரே டிவியில காட்டிட்டாப் போச்சு"ன்னு நீங்க சொல்லுவீங்க. எங்க குடும்பத்தைத் தெரியாதவங்க அப்படித்தான் சொல்லுவாங்க.

பெரியப்பா எங்க அப்பாவோட அண்ணன். மாமா எங்க அம்மாவோட தம்பி. ரெண்டு பேரும் பேசிப் பதினோரு வருஷம் ஆச்சு. அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில முடியாமப் போன அன்னிக்கு, பெரியப்பாவை ஏர்போர்ட்ல இருந்து கார்ல கூட்டிட்டு வந்தது மாமா. மெயின் ரோட்டுல போனா நேரமாகும்னு குறுக்கு வழியில விட்டார். அங்க ரயில்வே கேட் மூடியிருந்துச்சு. கூட்ஸ் வண்டி. அது போய் முடிஞ்சதும் எதிர்ப்பக்கம் இன்னொரு கூட்ஸ் வண்டி. இவங்க வந்து சேர்ந்தப்போ அப்பா போய் இருபது நிமிஷம் ஆயிருந்துச்சு. "என் தம்பியைக் கடைசியா பார்க்க விடாமப் பண்ணிட்டான்"னு பெரியப்பா சொன்ன சொல்லு மாமா காதுல விழுந்துச்சு. மாமாவும்தான் அப்பாவைப் பார்க்கலை. அதை மட்டும் யாரும் நினைச்சுப் பார்க்கலை.

அன்னிக்கு தங்கச்சிக்குப் பதிமூணு வயசு. அதுக்கப்புறம் அவளுக்கு அப்பா ஸ்தானத்துல ரெண்டு பேரும் இருந்தாங்க, ஒருத்தர் இருக்கும்போது இன்னொருத்தர் வராம. பரீட்சை ரிசல்ட்டுன்னா முதல் போன் பெரியப்பாவுக்கு. காய்ச்சல்னா, அப்போ இதே ஊர்ல இருந்த மாமா எங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பார். அதனால இவ ஒரே பிடியா நின்னா. "நான் கையெழுத்து போடறதை ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பார்க்கணும். ஒருத்தர் கட் பண்ணிட்டுப் போனாலும் நான் பேனாவைத் தொட மாட்டேன்."

பெரியப்பாகிட்ட அம்மா பேசினாங்க. "ஒரே ரூம்ல இருந்தா எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா அவன் மூஞ்சியும் என் மூஞ்சியும் ஒரே கண்ணாடிக்குள்ள இருக்கக்கூடாது"ன்னார். மாமாகிட்ட பேசினாங்க. "அவர் இருக்கற டிவியில என்னைப் போட்டீங்கன்னா அந்த நிமிஷமே எழுந்து போயிடுவேன்"னார். ஆகமொத்தம் ஆளுக்கொரு தனி கால், ஆளுக்கொரு தனி மானிட்டர். அவங்களுக்கு எங்க ரூம் மட்டும்தான் தெரியும், ஒருத்தரை ஒருத்தர் பார்க்க முடியாது. இதுக்காகவே நான் புதுசா ஒரு கம்ப்யூட்டர் கட்டினேன். மானிட்டருக்குப் படம் அனுப்பறதுக்கு வாங்கின கிராபிக்ஸ் கார்டோட முதுகுல வரிசையா அஞ்சு சாக்கெட். அஞ்சு சாக்கெட், அஞ்சு மானிட்டர், பொருத்தமோ பொருத்தம்னு ஒரு முத்தமே குடுத்தேன் அந்தக் கார்டுக்கு.

மானிட்டர் சேர்த்த கதை தனிக் கதை. கடையில இருந்து மூணு. பக்கத்து வீட்டு கணக்கு டீச்சர்கிட்ட இருந்து ஒண்ணு. அஞ்சாவது, பல் டாக்டர் தன் கிளினிக்ல எக்ஸ்ரே பார்க்கறது. சனிக்கிழமை வரைக்கும் அதுக்கு வேலை இருந்ததால ஞாயித்துக்கிழமை காலையிலதான் கொண்டு வர முடியும்னுட்டார். அம்மா தையல் டேப்பை எடுத்துட்டு வந்து ஒவ்வொண்ணையும் அளந்தாங்க.

"பெரியப்பாவுக்கு இருபத்திநாலு இஞ்ச், உன் மாமாவுக்கு இருபத்தியேழா? விளங்கிடும்!"

"அம்மா, அவங்க எங்க மானிட்டரைப் பார்க்கப் போறாங்க? நம்மதானே பார்க்கப் போறோம்!"

"நான் பார்ப்பேன்ல. என் மனசு கேக்காது."

மாத்தினோம். அப்புறம் பார்த்தா மாமா மானிட்டர் ரெண்டு விரல்கடை கீழ இருந்துச்சு. தம்பி தாழ்ந்து போயிட்டான்னு அம்மா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாங்க. அதுக்கு அடியில என் பழைய அக்கவுண்டன்சி புஸ்தகத்தைக் குடுத்தேன். அந்தப் புஸ்தகம் வாழ்க்கையில முதல் தடவையா உபயோகப்பட்டுச்சு.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மானிட்டரையும் மாட்டி ஆன் பண்ணினேன். நாலும் பளிச்சுனு எரிஞ்சுது! ஒரு மானிட்டர்ல இருந்து மவுஸ் அம்பு கிளம்பி, ரெண்டு, மூணு, நாலுன்னு வழுக்கிட்டே போச்சு. தங்கச்சி கைதட்டினா. நான் நாற்காலியில ஏறி ஆடினேன். அம்மா அடுப்படியில இருந்து வந்து பார்த்துட்டு, "கல்யாணப் பொண்ணு எது, அக்கா எதுன்னே தெரியலை"ன்னு தலையில அடிச்சுக்கிட்டு அவங்களும் சிரிச்சாங்க. நாலு ஓடினா அஞ்சும் ஓடும்னு ராத்திரி நிம்மதியா குறட்டை விட்டுத் தூங்கினேன். என்னை என்ன சொல்லித் திட்டலாம்னு இன்னிக்கும் எனக்கு வார்த்தை கிடைக்கலை.

ஞாயித்துக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு பல் டாக்டர் புது சட்டையில, கையில மானிட்டரைக் குழந்தை மாதிரி ஏந்திட்டு வந்து நின்னார். மாட்டினேன். கறுப்பு. 'சிக்னல் இல்லை'ன்னு ஒரு வரி மட்டும் அங்கயும் இங்கயும் நீஞ்சிட்டிருந்துச்சு. வயரை மாத்தினேன். அஞ்சாவது எரிஞ்சுது! "அவ்வளவுதான்!"னு திரும்பினா, அத்தை மானிட்டர் அணைஞ்சு கிடந்துச்சு. அத்தையை எழுப்பினேன், சம்பந்தி அணைஞ்சாங்க. சம்பந்தியை எழுப்பினேன், பெரியப்பா போயிட்டார். எந்த நாலு எரிஞ்சாலும் அஞ்சாவது ஒருத்தர் கண்ணை மூடிக்கறாங்க. பதினஞ்சு நிமிஷம் மேஜைக்கு அடியில தவழ்ந்தேன். புது டிரஸ் முழங்கால் எல்லாம் தூசி.

பல் டாக்டர் மெதுவா கார்டோட அட்டைப்பெட்டியை எடுத்து, பல்லைப் பார்க்கற மாதிரியே கண்ணைச் சுருக்கிப் படிச்சார்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. இங்க பொடி எழுத்துல போட்டிருக்கு. சாக்கெட் அஞ்சு இருந்தாலும் ஒரே நேரத்துல நாலு திரைதான் ஓடுமாம்."

"அப்ப அஞ்சாவது ஓட்டை எதுக்கு? காத்து வாங்கவா?"

"எந்த வயர் கைவசம் இருக்கோ அதை மாட்டிக்கலாம்னு குடுத்திருப்பாங்க போல."

எனக்குக் காது வரைக்கும் சூடேறுச்சு. அட்டைப்பெட்டியைப் பிடுங்கிப் பார்த்தேன். போட்டிருந்துச்சு. கடையில கஸ்டமர்கிட்ட "பெட்டியைப் படிக்காம வாங்காதீங்க"ன்னு பாடம் எடுக்கறவ நான். மதர்போர்டுல ஒரு சாக்கெட் இருக்கே, அதுல மாட்டிடலாம்னு பாய்ஞ்சேன். அது வேலை செய்யணும்னா பிராசஸருக்குள்ளயே கிராபிக்ஸ் இருக்கணும். கார்டு இருக்கும்போது அது எதுக்குத் தண்டமான்னு கிராபிக்ஸ் இல்லாத பிராசஸரைத் தேடிப் பிடிச்சு வாங்கினதும் இந்தப் புத்திசாலிதான். வீட்ல லேப்டாப்பும் கிடையாது. கம்ப்யூட்டர் கட்டுறவ வீட்ல லேப்டாப் இருந்தா அது எனக்கு மானக்கேடுன்னு ஒரு கொள்கை வச்சிருந்தேன். போன்ல போடலாமான்னு கேட்டேன். "பெரியப்பாவைக் கைக்குள்ள அடக்கப் போறியா? சரி, மாமாவை அடக்கு பார்க்கலாம்!"னு அம்மா ரெண்டு பக்கமும் சண்டைக்கு வந்தாங்க.

அதுக்குள்ள அஞ்சு காலும் கனெக்ட் ஆயிடுச்சு. கடைசி முயற்சியா பையில கிடந்த ஒரு குட்டிப் பெட்டியை எடுத்தேன். ஒரு வயரை ரெண்டா பிரிக்கறது. ஒரு முனையில பெரியப்பா மானிட்டர், இன்னொரு முனையில மாமாவுக்கு வச்சிருந்த மானிட்டர். அஞ்சும் எரிஞ்சுது! ஆனா அந்தப் பெட்டி படத்தைப் பிரிக்காது, அதே படத்தை ரெண்டு இடத்துல காட்டும். ரெண்டு மானிட்டர்லயும் பெரியப்பா. ரெண்டு பெரியப்பாவும் ஒரே நேரத்துல கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு, ஒரே நேரத்துல மூக்கைச் சொறிஞ்சாங்க.

"ஐயையோ, ஒருத்தரையே சமாளிக்க முடியலையே"ன்னாங்க அம்மா.

தங்கச்சி உள்ளறையில இருந்து தலை சீவினபடி எட்டிப் பார்த்தவ அங்கேயே சுவத்துல சாய்ஞ்சு சிரிச்சா. அப்புறம் என் மூஞ்சியைப் பார்த்து சிரிப்பை நிறுத்தினா. "அக்கா, மாமா வந்துடுவார்ல?"னு கேட்டா. பாவம், குரலே மாறிப்போச்சு.

"அத்தையும் சித்தியும்தான் ராசியா இருக்காங்களே, அவங்களைப் பாதிப் பாதியா ஒரே மானிட்டர்ல போட்டுடலாமே?"ன்னு பல் டாக்டர் கேட்டார். இவ்வளவு எளிசான யோசனை எனக்குத் தோணலையேன்னு எரிச்சல் ஒரு பக்கம், அவரைக் கட்டிப் பிடிச்சுக்கலாமான்னு சந்தோஷம் ஒரு பக்கம். குட்டிப் பெட்டியையும் மாமாவுக்கு வச்சிருந்த மானிட்டரையும் கழட்டி ஓரமா வச்சேன். நாலு மானிட்டர், அஞ்சு கால். மாமா தெரியற வீடியோ ஜன்னல் தன்னோட மானிட்டர் போனதும் பெரியப்பா மானிட்டருக்குத் தாவி, அவர் ஜன்னலுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்துச்சு. மானிட்டர் அணைஞ்சா ஜன்னலெல்லாம் இப்படித்தான் பக்கத்து வீட்டுக்கு ஓடும். முதல்ல சித்தியை அத்தை பக்கத்துல ஒட்டணும், அப்புறம் காலியாகற சித்தி மானிட்டர்ல மாமாவை விடணும். ரெண்டே வேலை.

ஆனா வயரை அத்தனை தடவை மாத்தினதுல கம்ப்யூட்டருக்குத் திசையே மறந்து போச்சு. வலப்பக்கம் தள்ளினா மவுஸ் அம்பு இடது கோடி மானிட்டர்ல எட்டிப் பார்த்துச்சு. மேல தள்ளினா காணாமயே போச்சு. "எங்க இருக்கு? எங்க இருக்கு?"ன்னு நான் கத்த, "இதோ அத்தை நெத்தியில!"ன்னு அம்மா கத்த, "இப்ப சம்பந்தி வாயில!"ன்னு பல் டாக்டர் கத்த, அந்த நேரம் பார்த்து காலிங்பெல் அடிச்சுது. பதிவாளர். மவுஸை விட்டுட்டு கீபோர்டுலயே ஜன்னலைப் பாதியாக்கற பட்டனை அமுக்கினேன். ஸ்க்ரீனைப் பார்த்துட்டு அமுக்கியிருக்கணும். நான் வாசலைப் பார்த்துட்டே அமுக்கினேன்.

மணி பத்து நாப்பது. பதிவாளர் வயசான அம்மா. சிரிச்ச முகம், கையில பெரிய ரெஜிஸ்டர். "மேஜையைக் கொஞ்சம் காலி பண்ணுங்க"ன்னதும் எங்கம்மா கீபோர்டையும் மவுஸையும் ஒரே வாரா வாரி டிராயருக்குள்ள திணிச்சாங்க. மேஜைக்கு இந்தப் பக்கம் தங்கச்சியும் பல் டாக்டரும் மானிட்டர்களைப் பார்த்தபடி உக்காந்தாங்க. அவங்க முதுகுக்குப் பின்னாடி கண்ணாடிக் கதவு போட்ட எங்க புஸ்தக அலமாரி. மானிட்டருக்கு மேல கேமரா. சாட்சி நான், அதனால தங்கச்சி பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து, நிம்மதியா நிமிர்ந்து பார்த்தேன்.

இடது கோடியில அத்தை, தனியா. அடுத்தது சித்தி, அவங்களும் தனியா. வலது கோடியில சம்பந்தி. நடுவுல பெரிய மானிட்டர்ல பாதி பெரியப்பா. மீதிப் பாதி மாமா.

பஸ் சீட்டுல தோளோட தோள் இடிச்சுட்டு உக்காந்த மாதிரி ரெண்டு பேரும் நேரா பார்த்துட்டிருந்தாங்க. ரெண்டு பேருக்கும் விஷயமே தெரியாது. எழுந்து டிராயர்ல கையை வச்சேன். தங்கச்சி என் மணிக்கட்டைப் பிடிச்சு, காதுகிட்ட குசுகுசுத்தா.

"தொடாத."

"உளறாத! பார்த்தாங்கன்னா ரெண்டு பேரும் போயிடுவாங்க. அப்புறம் நீ கையெழுத்து போட மாட்டேன்னு நிப்ப. அந்தம்மா கிளம்பிடும்!"

"தெரியும். தொடாதன்னா தொடாத. இவங்களைச் சேர்த்து வச்சு நான் பார்த்து எவ்வளவு நாளாச்சு? ரெண்டு நிமிஷம் பார்த்துக்கறேன்."

பதிவாளர் படிக்க ஆரம்பிச்சாங்க. அந்த நேரம் பெரியப்பா வலது கையால காதைக் குடைஞ்சார். மாமா இடது கையால காதைக் குடைஞ்சார். ஒருத்தர் காதை இன்னொருத்தர் குடைஞ்சு விடற மாதிரியே இருந்துச்சு. தங்கச்சிக்கு சிரிப்பு வந்துடுச்சு. வாயைப் பொத்தினா. தோள் குலுங்குச்சு. அது எனக்குத் தொத்துச்சு, என்கிட்ட இருந்து பல் டாக்டருக்குப் போச்சு.

"இந்தத் திருமணத்துக்கு உங்களுக்குச் சம்மதமா?"

"ச... ச..."ன்னா தங்கச்சி. கண்ணுல தண்ணி.

"அழறாளா, சிரிக்கறாளா?"ன்னு பெரியப்பா பதறினார். "என்னம்மா ஆச்சு?"ன்னு மாமா பதறினார். சித்திக்கு எப்பவும் கண்ணு கூர்மை, வாய் அதை விடக் கூர்மை.

"அண்ணா! அவ முதுகுக்குப் பின்னாடி அலமாரிக் கண்ணாடியைப் பாரு! எல்லா டிவியும் அதுல தெரியுது. நீயும் பெரிய அத்தானும் ஒண்ணா உக்காந்திருக்கீங்க!"

அவ்வளவுதான். பெரியப்பா கேமராகிட்ட குனிஞ்சார். அவர் பாதி முழுக்க மூக்கு. மாமாவும் குனிஞ்சார். அவர் பாதி முழுக்க நெத்தி. எங்கம்மா நகம் என் தோள்ல இறங்குச்சு. தங்கச்சி சிரிப்பை நிறுத்திட்டா. பேனா மேஜை மேல அப்படியே கிடந்துச்சு. மணி பத்து அம்பத்திரெண்டு.

"பெரியப்பா, மாமா"ன்னா அவ. "அக்கா தெரியாமத்தான் பண்ணினா. மாத்தப் போனவளை நான்தான் தடுத்தேன். திட்டணும்னா என்னைத் திட்டுங்க. ஆனா போயிடாதீங்க."

பெரியப்பா கண்ணாடியைக் கழட்டினார். மாமா தலையைக் குனிஞ்சுக்கிட்டார். ரெண்டு பேர்ல யார் முதல்ல கட் பண்ணப் போறாங்கன்னு நான் மாறி மாறிப் பார்த்தேன். மனசுக்குள்ள இந்தக் கார்டைச் செஞ்சவன், வித்தவன், வாங்கினவ எல்லாரையும் சபிச்சேன்.

கடைசியில பெரியப்பா தொண்டையைச் செருமினார். என்கிட்டதான் பேசினார். "அவனைக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லு. என் தோள்பட்டை மறையுது."

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள மாமா பதில் சொல்லிட்டார். "தள்ளிட்டேன் அத்தான்." எங்கயோ ரெண்டு கடல் தாண்டி, தன் வீட்ல தனியா இருக்கற மனுஷன், நிஜமாவே நாற்காலியை நகர்த்திட்டார்!

"இன்னும் மறையுதே."

"இன்னும் தள்ளிட்டேன் அத்தான்." நாற்காலி கிறீச்சிடுச்சு. அப்புறம் எதுவோ டமார்னு விழுந்துச்சு. மாமா பாதியில இப்ப மாமாவே இல்லை. வெறும் சுவரும் ஒரு ஜன்னல் திரையும்தான் தெரிஞ்சுது. அது படத்தோட கோடு, ஆள் நகர்ந்தா நகராதுன்னு சொல்ல நினைச்சேன். சிரிப்புல வார்த்தை வரலை. பதிவாளரம்மாவும் கைக்குட்டையால வாயை மூடிக்கிட்டாங்க.

"நேரமாகுதும்மா. சம்மதம்தானே?"

"சம்மதம்"னா தங்கச்சி. பேனாவைக் கையில எடுத்தா. ஆனா எழுதலை. அந்த வெறும் சுவரையே பார்த்துட்டிருந்தா.

பெரியப்பாவும் அலமாரிக் கண்ணாடியில அதைத்தான் பார்த்தார்.

"யோவ் மச்சான்!"னு ஒரு கத்தல். எங்க வீட்டு ஸ்பீக்கரே அதிர்ந்துச்சு. பதினோரு வருஷம் கழிச்சு அவர் நேரா மாமாகிட்ட பேசின முதல் வார்த்தை. "எங்கய்யா போன? புள்ள பேனாவை எடுத்துட்டா. சீக்கிரம் வாய்யா, பார்க்காம விட்டுடாத!"

மாமா ஓடி வந்தார். நாற்காலி விழுந்து கிடந்துச்சு போல, தரையில மண்டி போட்டு மூஞ்சியை மட்டும் உள்ளே நீட்டினார். மூச்சு வாங்குச்சு. கண்ணு ரெண்டும் சிவந்திருந்துச்சு. "வந்துட்டேன் அத்தான். வந்துட்டேன். நீங்க பாருங்க, நானும் பார்க்கறேன்."

எங்கம்மா என் தோளை விட்டுட்டு சத்தமா அழுதாங்க. நானும் அழுதேன், சிரிச்சேன், ரெண்டும் சேர்ந்து விக்கல் எடுத்துச்சு. தங்கச்சி தலையைக் குனியாம, ரெண்டு பேரையும் பார்த்துட்டே கையெழுத்து போட்டா. கையெழுத்து கோட்டை விட்டுக் கோணலா மேல ஏறிப் போச்சு. பல் டாக்டரும் நானும் அதுக்குக் கீழ போட்டோம். பதிவாளரம்மா அந்தக் கோணலைப் பார்த்துட்டு, பரவாயில்லைன்னு சொல்லி முத்திரையைக் குத்தினாங்க.